ஆங்கில நாவல் வாங்கினால் இருபது பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. ஆங்கில ஆசிரியர்களுக்கு மட்டும் வாசிப்பு எப்படிப் பிடித்துப்போகிறது?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் "எனக்குப் பொறுமை இல்லை", "செல்போன் கெடுத்துவிட்டது" என்று பழியைத் தங்கள் தலையிலேயே போட்டுக்கொள்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஆங்கிலப் பாடம் நடத்துகிற ஆள் என்ற முறையில் சொல்கிறேன்: சிக்கல் உங்கள் பொறுமையில் இல்லை, கையில் எடுத்த புத்தகத்தில் இருக்கிறது. அது உங்கள் அளவுக்கு மேலே இருக்கிறது, அவ்வளவுதான். புத்தகத்தின்மேல் முதலில் பிரியம் வந்து, அதற்கப்புறம் வாசிப்பு வருவதில்லை. தடங்கல் இல்லாமல் நூறு பக்கம் ஓடினால் பிரியம் தானாக வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாவலில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 300 சொற்கள் என்று வைத்துக்கொள்வோம். அகராதியைத் தொடாமல் கதை புரிய வேண்டுமானால் நூற்றுக்கு 98 சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள் பால் நேஷன் போன்ற சொற்களஞ்சிய ஆய்வாளர்கள். 98 என்றால் பக்கத்துக்கு 6 புதுச் சொற்கள். 95 என்றால் 15. 90 என்றால் 30, அதாவது ஏறக்குறைய வரிக்கு ஒன்று. தேர்வில் 90 வாங்கினால் கொண்டாடலாம். வாசிப்பில் 90 என்பது பத்தடிக்கு ஒரு வேகத்தடை போட்ட சாலையில் வண்டி ஓட்டுவது போல. நேஷன் 2006இல் வெளியிட்ட கணக்குப்படி, சாதாரண ஆங்கில நாவலில் அந்த 98ஐ எட்ட 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் தெரிய வேண்டும். ஒரு வேர்ச்சொல்லும் அதன் கிளைகளும் சேர்ந்தது ஒரு சொற்குடும்பம். பாடப் புத்தகத்தை மட்டும் படித்து வந்தவருக்கு அவ்வளவு சொல் பழகியிருக்க வாய்ப்பே இல்லை. அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆகவே, வாங்குவதற்கு முன்னால் சோதியுங்கள். புத்தகத்தை நடுவில் திறந்து, உரையாடல் குறைவாகவும் விவரிப்பு அதிகமாகவும் இருக்கிற ஒரு பக்கத்தை எடுங்கள். உரையாடல் எப்போதும் எளிதாக இருக்கும், ஏமாற்றிவிடும். தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்குங்கள். ஆள் பெயர், ஊர்ப் பெயர் கணக்கில் வேண்டாம். ஐந்து விரலும் மடங்குவதற்குள் பக்கம் முடிந்துவிட்டால் எடுத்துக்கொள்ளலாம். பாதிப் பக்கத்திலேயே கை மூடிவிட்டால் அந்தப் புத்தகத்தை இரண்டு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். வெவ்வேறு இடத்தில் மூன்று பக்கமாவது இப்படிப் பாருங்கள், ஒரு பக்கம் போதாது.

எதில் தொடங்குவது? கற்பவர்களுக்காகவே சொல்லளவு கட்டி எழுதிய கிரேடட் ரீடர்களில் தொடங்குங்கள். ஆக்ஸ்ஃபோர்டு புக்வார்ம்ஸ் வரிசையை எடுத்துக்கொண்டால் முதல் நிலை 400 தலைச்சொற்கள் (அகராதியில் தனித் தலைப்பாக வரும் அடிப்படைச் சொற்கள்), பிறகு 700, 1000, 1400, 1800, ஆறாவது நிலை 2500. வேறு பதிப்பகங்களும் இப்படி வரிசை வைத்திருக்கின்றன, ஆனால் நிலை எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அதனால் நிலை எண்ணைப் பார்க்காமல், பின்னட்டையிலோ உள்ளேயோ போட்டிருக்கும் தலைச்சொல் எண்ணிக்கையைப் பாருங்கள். உங்களுக்குச் சரி என்று தோன்றுவதற்கு ஒரு நிலை கீழே இறங்குங்கள். அந்த நிலையில் நாலைந்து புத்தகம் முடித்தபின் மேலே ஏறுங்கள்.

இங்கேதான் சிலர் சண்டைக்கு வருவார்கள். "சுருக்கிய புத்தகம் படிப்பதெல்லாம் வாசிப்பா? மூலத்தைப் படிக்க வேண்டாமா?" படிக்க வேண்டும், அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் மூலத்தை வாங்கி இருபது பக்கத்தில் மூடி வைப்பதும் மூலத்தைப் படிப்பது ஆகாது. இது யாரோ வியாபாரத்துக்காக நேற்றுக் கண்டுபிடித்த வழியும் இல்லை. டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட் 1920களிலேயே வங்காள மாணவர்களை மனத்தில் வைத்து, சொற்களை அளந்து கொடுக்கும் வாசிப்புப் புத்தகங்களை உருவாக்கினார். சுமார் 2000 சொற்கள் கொண்ட அவருடைய பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல் 1953இல் வந்தது.

அடிக்கடி விழுகிற இரண்டு குழிகளையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, இலவச மின்னூல். 1971இல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம் அருமையான களஞ்சியம். ஆனால் அங்கே இருப்பவற்றில் பெரும்பகுதி காப்புரிமை முடிந்த பழைய புத்தகங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு வாக்கியம் அரைப்புள்ளி மேல் அரைப்புள்ளியாக நீண்டு ஐம்பது சொல் வரைக்கும் போகும். எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று தேடுவதற்குள் கதை கையை விட்டுப் போய்விடும். இன்னொன்று, குழந்தைப் புத்தகம் எளிதாக இருக்கும் என்ற நம்பிக்கை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட எட்டு வயதுக் குழந்தை காதால் கேட்டே ஆயிரக்கணக்கான சொற்களை வைத்திருக்கிறது. பறவை எழுப்பும் ஒலி, பொம்மையின் பாகம், அடக்கிச் சிரிக்கிற சிரிப்பு, தள்ளாடுகிற நடை என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல். அலுவலகக் கடிதத்தைத் தடுமாறாமல் படிக்கிறவர் அந்தப் பக்கத்தில் திணறுவார்.

சொல் தெரிந்தும் கதை புரியாமல் போவதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன. இவற்றை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலாவது பெயர்கள். ராபர்ட் என்பவனை நண்பர்கள் பாப் என்பார்கள். வில்லியம் என்றால் பில், ரிச்சர்ட் என்றால் டிக், மார்கரெட் என்றால் பெக்கி. எலிசபெத் ஒருத்தியே லிஸ், பெத், பெட்டி என்று எந்தப் பெயரிலும் வரலாம். அம்மா வில்லியம் என்கிறாள், நண்பன் பில் என்கிறான், அலுவலகத்தில் மிஸ்டர் கார்ட்டர் என்கிறார்கள். புதிதாகப் படிக்கிறவர் மூன்று ஆள் என்று நினைத்துக்கொண்டு முப்பது பக்கம் போய்விடுவார். பக்க அடையாளமாக வைக்கிற துண்டுச் சீட்டிலேயே ஆள் பெயர், செல்லப் பெயர், யாருக்கு என்ன உறவு என்று குறித்துக்கொண்டே போங்கள்.

அடுத்தது உரையாடல். யார் பேசுகிறார் என்று ஒவ்வொரு வரியிலும் சொல்லமாட்டார்கள். பேசுகிற ஆள் மாறினால் புதிய பத்தி, அதுதான் அடையாளம். இரண்டு பேர் பேசினால் பத்திக்குப் பத்தி மாறி மாறி வரும். குழப்பம் வந்தால் கடைசியாகப் பெயர் வந்த இடத்துக்குத் திரும்பி, அங்கிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு வாருங்கள், பிடிபட்டுவிடும்.

மூன்றாவது ஃப்ரேசல் வெர்ப், அதாவது வினைச்சொல்லோடு சின்னச் சொற்கள் சேர்ந்து வேறு பொருள் தருவது. 'புட்', 'அப்', 'வித்' மூன்றும் ஒன்றாம் வகுப்புச் சொற்கள்தான், சேர்ந்தால் பொறுத்துக்கொள்வது என்று ஆகிவிடும். 'மேக் அவுட்' என்பது இருட்டில் தூரத்து உருவத்தை இன்னதென்று கண்டுகொள்வதாக இருக்கலாம். விரல் சோதனையில் இவை மாட்டாது. எல்லாச் சொல்லும் தெரிந்தும் ஒரு வரி விளங்காவிட்டால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். அகராதியில் தேடும்போதும் தனிச் சொல்லாகத் தேடாமல் சேர்த்தே தேடுங்கள்.

தெரியாத சொல் வந்தால் என்ன செய்வது? மழையில் நனைந்த ஒருவன் சேற்றுப் பாதையில் வீட்டுக்கு 'ட்ரட்ஜ்' செய்தான் என்று வருகிறது. போனான் என்று தெரிகிறது. சேறும் மழையும் இருப்பதால் சிரமப்பட்டுப் போனான் என்பதும் தெரிகிறது. போதும், நகருங்கள். ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். அதே சொல் மூன்றாம் முறை வந்து, அப்போதும் கதையைப் புரியவிடாமல் தடுத்தால் அத்தியாயம் முடிந்தபின் பாருங்கள். அந்தச் சொல் இல்லாமல் யார் யாரை என்ன செய்தார் என்பதே புரியவில்லை என்றால் மட்டும் உடனே பார்க்கலாம். வரிக்கு நடுவில் தமிழ் அர்த்தம் எழுதி வைக்காதீர்கள். அடுத்த முறை கண் நேராக அந்தத் தமிழுக்குத்தான் போகும், ஆங்கிலச் சொல் மனத்தில் ஒட்டாது. கிண்டிலில் படித்தால் சொல்லை அழுத்திப் பிடித்தாலே அர்த்தம் வந்துவிடுகிறது. அது வசதிதான், ஆனால் அந்த வசதியால் எல்லாச் சொல்லையும் அழுத்திக்கொண்டே போகிற பழக்கம் வந்துவிடும், கவனம்.

நேரக் கணக்கு இவ்வளவுதான். தாய்மொழியாகப் பேசும் பெரியவர்கள் ஆங்கிலப் புனைகதையை மௌனமாகப் படிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 260 சொல் அளவில் என்பது 2019இல் மார்க் பிரைஸ்பர்ட் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. நமக்கு 120 வந்தால் போதும். 15 நிமிடத்தில் 1800 சொல், அதாவது 6 பக்கம். 240 பக்க நாவல் 40 நாளில் முடிந்துவிடும். வேக வாசிப்புப் பயிற்சிக்குப் பணம் கட்டாதீர்கள், வேகம் கூடினால் புரிதல் குறையும். நேரத்தைவிட இடம் முக்கியம்: தினமும் ஏற்கெனவே செய்கிற ஒரு காரியத்தை ஒட்டி, அதே நாற்காலியில். பழக்கம் படிவதைப் பற்றி 2010இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில் ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வித்தியாசப்பட்டது, நடு அளவு 66 நாள். அவர்கள் பார்த்தது உணவு, உடற்பயிற்சி போன்ற பழக்கங்களை, வாசிப்பை அல்ல. ஆனாலும் ஒரு நாள் தவறினால் பெரிய பாதகமில்லை என்ற அவர்களுடைய முடிவை இதற்கும் எடுத்துக்கொள்ளலாம்.

பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விடலாமா என்றால், தாராளமாக. அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் ஒரு விதி சொல்வார்: 50 பக்கம் வரை வாய்ப்புக் கொடு. வயது ஐம்பதைத் தாண்டியிருந்தால் 100இலிருந்து வயதைக் கழித்து, வருகிற எண்ணிக்கைக்கு மட்டும் படி. 70 வயதுக்காரர் 30 பக்கத்தோடு மூடிவிடலாம். ஆனால் தொடக்கப் பக்கங்கள்தான் எப்போதும் கடினம் என்பதையும் நினைவில் வையுங்கள். இடம், ஆள், காலம் எல்லாம் அங்கேதான் அறிமுகமாகும். பிறகு அதே சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் பக்கம் வேகமாக நகரும். இதனாலேயே ஒரே எழுத்தாளரின் புத்தகங்களை, முடிந்தால் ஒரே வரிசையை, தொடர்ந்து படிப்பது நல்லது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கால அட்டவணையில் வாசிப்புக்கென்று வாரத்துக்கு ஒரு பீரியடு போட்டிருப்பார்கள். தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது அதுதான். மிச்சமிருக்கிற நேரத்தில் விழா அழைப்பிதழ், ஆண்டறிக்கை, யாரோ எழுதிய விண்ணப்பம் என்று எல்லாவற்றையும் திருத்தித் தர ஆங்கில ஆசிரியரைத்தான் தேடி வருவார்கள். கடைசியில் "பிள்ளைகள் படிப்பதே இல்லை" என்ற புகாரும் நம்மிடமே வரும்.

தமிழில் படிக்கச் சொல்லாமல் ஆங்கிலத்தைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று யாரும் எழுத வேண்டாம். தமிழில் 200 பக்க நாவலை விரும்பி முடிக்கிறவருக்கு ஆங்கிலத்தில் குறைவது சொல்லும் மேலே சொன்ன சில மரபுகளும்தான், அவை வந்துவிடும். தமிழிலும் நாவல் முடித்ததில்லை என்றால் முதல் இரண்டு மூன்று மாதம் அந்த 15 நிமிடத்தைத் தமிழ்ப் புத்தகத்துக்கே கொடுங்கள். உட்காருகிற பழக்கத்தையும் புது மொழியையும் ஒரே நேரத்தில் பழக முயன்றால் இரண்டும் நிற்காது.