நவகிரக மேடையில் பூமி எங்கே?

கேள்வி: நவகிரக மேடையின் நடுவில் சூரியனை வைத்ததே, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று எழுதிய ஐரோப்பிய வானியலாளர் கோபர்நிகசுக்கு முன்பே நம்மவர்களுக்கு எல்லாம் தெரியும் என்பதற்குச் சாட்சி என்கிறார் என் மாமனார். உண்மையா?
- வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: மாமனாரிடம் பக்குவமாகக் கேளுங்கள், அந்த மேடையில் பூமி எங்கே என்று. சந்திரன் இருக்கிறார், ராகு, கேதுகூட உண்டு. நாம் நிற்கும் மண்ணைத்தான் காணோம். மண்ணில் நின்று வானம் பார்த்தவர்களின் கணக்கு அது. இருக்கும் இடத்தை வைத்து வானியல் பேசினால் வம்பு. தாமிரபரணிக் கரையின் ஒன்பது சிவன் கோயில்களான நவகைலாயங்களில் சூரியனுக்குரிய பாபநாசம் ஆற்றின் மேல்கோடியில். சுக்கிரனுக்குரிய சேர்ந்தபூமங்கலம் கீழ்க்கோடியில். வெள்ளியைக் கடைசிக் கோள் என்போமா?

பெருமை வேண்டுமானால் மலைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். கேரளத்து நீலகண்ட சோமயாஜி, ஐந்து கோள்களும் சூரியனைச் சுற்றுகின்றன, சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்று எழுதினார். 'தந்திரசங்கிரகம்' என்ற வானியல் நூலை இயற்றியவர், கோபர்நிகசுக்கு மூத்தவர். 1588-இல் டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராஹே வெளியிட்டதும் ஏறக்குறைய இதே அமைப்புதான். நான் பாடம் நடத்திய வகுப்புகளில் டைக்கோவைத் தெரிந்த பிள்ளைகள் உண்டு. நீலகண்டரைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆனால் பூமியையே சூரியனைச் சுற்றவிட்டவர் கி.மு. 3-ஆம் நூற்றாண்டுக் கிரேக்கர், சாமோஸ் தீவின் அரிஸ்டார்கஸ். சரிபாதி நிலா தெரியும் வேளையில் நிலாவுக்கும் சூரியனுக்கும் இடையிலான கோணத்தை 87 பாகை என்று வைத்துக்கொண்டு, சூரியன் நிலாவைவிட 18 முதல் 20 மடங்கு தொலைவில் இருப்பதாகக் கணக்கிட்டார். உண்மையில் ஏறக்குறைய 400 மடங்கு. விடை தப்பு, வழி சரி. அந்தக் கணக்கிலேயே சூரியன் பூமியைப்போல் ஆறேழு மடங்கு அகலம். அத்தனை பெரியது சின்னதைச் சுற்றுமா என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இது என் ஊகம். சூரியனை நடுவில் வைத்து அவர் எழுதியது தொலைந்துவிட்டது. ஆர்க்கிமிடீஸ் குறித்துவைத்ததால் நமக்குத் தெரிகிறது. கோபர்நிகசுக்கும் அரிஸ்டார்கசைத் தெரியும். தம் நூலின் கையெழுத்துப் படியில் அரிஸ்டார்கசின் பெயர் வரும் பகுதியை அடித்துவிட்டார். 1543-இல் அச்சான நூலில் அது இல்லை.

கேள்வி: பூமி ஓடுகிறது என்றால் நட்சத்திரங்கள் ஏன் இடம் மாறித் தெரிவதில்லை?
- கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: மாறுகின்றன, தம்பி, கண்ணுக்குத் தெரிவதில்லை. அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பனைமரங்கள் பின்னால் ஓடும், பொதிகை அசையாது. நட்சத்திரங்கள் அளவுக்கு மீறிய தொலைவில் இருப்பதாக அரிஸ்டார்கஸ் அன்றே சொன்னார், நம்பத்தான் ஆளில்லை. அந்த இடமாற்றத்தை ஒரு நட்சத்திரத்தில் அளந்து 1838-இல் வெளியிட்டவர் ஜெர்மானியர் பெசல். அவர் கண்ட கோணம் ஒரு பாகையில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.