எத்தனை முறை பேசினீர்கள் என்று தெரிந்தால், என்ன பேசினீர்கள் என்றும் தெரியுமா?

கேள்வி: திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் யூனிட் நடத்துகிறேன். முன்பு என்னோடு கூட்டாளியாக இருந்தவர் மீது கடன் மோசடி வழக்கு. விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். “போன மாசம் நீங்க ரெண்டு பேரும் எத்தனை தடவை பேசினீங்க, எந்த நேரத்துல பேசினீங்க, எல்லாம் எங்ககிட்ட இருக்கு” என்றார் அதிகாரி. அன்றிலிருந்து மனைவியோடு போனில் பேசவே தயக்கமாக இருக்கிறது. என் போனை ஒட்டுக்கேட்கிறார்களா? சட்டம் அதை அனுமதிக்கிறதா? கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: அதிகாரி சொன்னதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். எத்தனை தடவை, எந்த நேரம். என்ன பேசினீர்கள் என்று அவர் வாய் திறக்கவில்லை. அவர் கையில் இருப்பது பெரும்பாலும் சி.டி.ஆர். எனப்படும் அழைப்பு விவரப் பட்டியல்தான்.

அந்தப் பட்டியலில் ஒரு அழைப்புக்கு ஒரு வரி. உங்கள் எண், எதிர்முனை எண், தேதி, தொடங்கிய நேரம், எத்தனை விநாடி, கைபேசியின் ஐ.எம்.இ.ஐ. என்ற அடையாள எண், பேச்சு தொடங்கியபோதும் முடிந்தபோதும் போன் எந்த டவரில் இருந்தது என்பது வரை இருக்கும். குரல் கிடையாது. போன் கம்பெனிகள் இந்தப் பதிவுகளை 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று உரிம விதி 2021 டிசம்பரில் திருத்தப்பட்டது. புலனாய்வுக்குத் தேவை என்றால் குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவின்கீழ் போலீஸ் இதைக் கேட்டு வாங்கலாம். நீதிபதியின் உத்தரவு தேவையில்லை. ஒருவர் தினமும் எங்கே போகிறார், இரவு யாரோடு பேசுகிறார் என்பதையெல்லாம் சொல்லிவிடும் பட்டியலுக்கு இவ்வளவு லேசான பூட்டு போதுமா என்றால், போதாது என்பதுதான் என் கருத்து. ஆனால் இன்றைய சட்டம் இதுதான்.

பேச்சைக் கேட்பது வேறு கதை. அதற்குப் பல ஆண்டுகள் இருந்தது 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு. இப்போது அந்த இடத்தில் 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20(2) பிரிவும், 2024 டிசம்பரில் வந்த விதிகளும் இருக்கின்றன. பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற வாசலைத் தாண்டினால்தான் உத்தரவே போட முடியும். அதற்குள்ளும் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, குற்றத்துக்குத் தூண்டுவதைத் தடுப்பது போன்ற காரணங்களில் ஒன்று வேண்டும். உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவர் மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலாளர். இன்ஸ்பெக்டர் நினைத்தால் நடக்காது. அவசரம் என்று கீழ்நிலையில் உத்தரவு போட்டாலும் 7 வேலை நாட்களுக்குள் செயலாளர் உறுதிசெய்ய வேண்டும். ஒரு உத்தரவு 60 நாள் செல்லும், நீட்டித்துக்கொண்டே போனாலும் 180 நாளைத் தாண்டக் கூடாது.

உத்தரவு சரியா என்று பார்ப்பதற்கு ஒரு மறுஆய்வுக் குழு இருக்கிறது. மாநிலத்தில் தலைமைச் செயலாளர் தலைமையில். அதில் இருப்பவர்கள் எல்லாருமே அரசுச் செயலாளர்கள், நீதிபதி ஒருவரும் இல்லை. 1996-இல் உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாட்டை வகுத்தபோதே, முன்கூட்டி நீதிமன்ற அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. 2017-இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 9 நீதிபதிகள் அமர்வு சொன்ன பிறகும் இந்த இடம் மாறவில்லை. அரசு போட்ட உத்தரவை அரசே சரிபார்ப்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

சரி, கடன் மோசடி வழக்கில் ‘பொதுப் பாதுகாப்பு’ எங்கே வந்தது? உங்களுக்கு உதவக்கூடிய தீர்ப்பு நம் ஊரிலேயே இருக்கிறது. 2011-இல் ஒரு லஞ்ச வழக்குக்காகப் பிறப்பித்த ஒட்டுக்கேட்பு உத்தரவை, 2025 ஜூலை 2-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ரகசியமாக நடக்கும் குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக மட்டும் 5(2) பிரிவைப் பயன்படுத்த முடியாது என்றது. பதிவு செய்ததை மறுஆய்வுக் குழு முன் வைக்கவில்லை என்பதும் அங்கே பெரிய ஓட்டையாக அமைந்தது. புதிய சட்டத்திலும் வாசல் அதேதான் என்பதால் இந்த வாதம் இன்றும் நிற்கும். ஆனால் ஏறக்குறைய அதே நாட்களில் டெல்லி உயர் நீதிமன்றம், பெரிய அளவிலான ஊழலும் பொதுப் பாதுகாப்பைப் பாதிக்கலாம் என்று எதிர்த்திசையில் தீர்ப்பளித்தது. ஆக, இந்தத் தீர்ப்பை முழுக்க நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம்.

வாட்ஸ்அப், மின்னஞ்சல் போன்றவற்றுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு. இதில் பொது நெருக்கடி என்ற வாசலே கிடையாது, ‘எந்தக் குற்றத்தையும் விசாரிக்க’ என்பதே போதும். வாட்ஸ்அப் உரையாடலை இடையில் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கிறார்கள் என்பது உண்மை. நடைமுறையில் யாரும் இடையில் படிக்க மெனக்கெடுவதில்லை, போனையே வாங்கிக்கொள்கிறார்கள். அல்லது எதிர்முனையில் இருப்பவரின் போனை. உங்கள் கூட்டாளியின் போன் ஏற்கெனவே போலீஸிடம் இருந்தால், நீங்கள் அவருக்கு அனுப்பியதெல்லாம் அங்கே இருக்கும்.

கண்டுபிடிக்க வழி? ஸ்டார் ஹாஷ் 21 ஹாஷ் அடித்தால் தெரிந்துவிடும் என்று ஒரு தகவல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது கால் பார்வர்டிங் போட்டிருக்கிறதா என்று மட்டும் காட்டும். சட்டப்படி நடக்கும் ஒட்டுக்கேட்பு, போன் கம்பெனியின் கருவியில் நடக்கிறது, உங்கள் போனில் ஒரு சத்தமும் வராது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டால் தகவல் தர மறுக்க இடம்தரும் 8-ஆம் பிரிவைக் காட்டித் திருப்பிவிடுவார்கள். உங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று விதியிலும் இல்லை. உங்களைக் குற்றம்சாட்டப்பட்டவராகச் சேர்த்து, பதிவுகளைச் சாட்சியமாக வைத்தால்தான் குற்றப்பத்திரிகை நகலோடு அது உங்கள் கைக்கு வரும். அப்போது வக்கீல் கேட்க வேண்டியவை: செயலாளரின் உத்தரவு, அதன் தேதி, மறுஆய்வுக் குழுவின் முடிவு, மின்னணுச் சாட்சியத்துக்கு பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டம் கேட்கும் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ்.

இப்போதைக்கு ஒன்று செய்யவே கூடாது: பழைய மெசேஜ்களை அழிப்பது. சாட்சியமாக வரக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது தனிக் குற்றம், 3 ஆண்டு வரை சிறை. மனைவியிடம் தாராளமாகப் பேசுங்கள், வழக்கைப் பற்றி மட்டும் போனில் வேண்டாம். மறுபடி கூப்பிட்டால் எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். அதில் மேலே சொன்ன சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவு என்று இருந்தால் உங்களைச் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். 35(3) என்று இருந்தால், உங்கள் மீதே சந்தேகம் என்று பொருள்; ஸ்டேஷனுக்குப் போகுமுன் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டுப் போங்கள்.