மார்ஃபின் கொடுத்தால் அப்பா போய்விடுவாரா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி மார்ஃபின் என்ற கடும் வலிக்கான மருந்தைப் பற்றித்தான், அதிலிருந்தே தொடங்கிவிடுகிறேன்.

அப்பாவுக்குப் புற்றுநோய் எலும்புவரை பரவிவிட்டது. டாக்டர் மார்ஃபின் எழுதியிருக்கிறார். சித்தப்பாவோ, "அது கடைசி மருந்து, வேண்டாம்" என்கிறார். கொடுக்கலாமா?

கொடுங்கள். சித்தப்பா மேலும் தப்பில்லை. முன்பெல்லாம் உயிர் இழுத்துக்கொண்டிருக்கும்போதுதான் இந்த மாத்திரையே வீட்டுக்கு வரும், அதனால் மாத்திரைதான் ஆளைக் கொண்டுபோய்விட்டது என்று ஊரே நம்பிவிட்டது. சின்ன அளவில் தொடங்கி வலியைப் பார்த்து டாக்டர் ஏற்றிக்கொண்டே போனால் அது ஆயுளைக் குறைப்பதில்லை. சாதாரண மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரம்தான் தாங்கும். வலி வரட்டும் என்று காத்திருக்காமல், டாக்டர் எழுதிய வேளைக்கு மணி பார்த்துக் கொடுங்கள். முதல் சில நாட்கள் தூக்கமும் குமட்டலும் இருக்கலாம், பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காதது மலச்சிக்கல்தான். சீட்டில் மலமிளக்கி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். எழுப்பினால் எழவே இல்லை, மூச்சும் ரொம்ப மெதுவாகிவிட்டது என்றால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

ஹாஸ்பைஸில் (கடைசிக் கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் இடம்) சேர்த்தால் சொந்தக்காரர்கள் "கைவிட்டுவிட்டார்கள்" என்பார்களே?

சொல்வார்கள். ராத்திரி எழுந்து படுக்கைப் புண்ணுக்கு மருந்து போடுவது அவர்கள் இல்லை. அப்புறம், கட்டடத்தில் சேர்த்தால்தான் இந்தச் சிகிச்சை என்றில்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வலியையும் தவிப்பையும் குறைக்கும் ஆதரவு சிகிச்சைக்கு நர்ஸ் வீட்டுக்கே வருகிறார், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

பாட்டி கடைசிக் கட்டத்தில் இருக்கிறார், இரண்டு நாளாகக் கஞ்சியைத் துப்பிவிடுகிறார். பட்டினி போடுகிறோமோ என்று மனசு கேட்கவில்லை.

சாப்பிடாததால் அவர் போகவில்லை. உடம்பு ஓய்ந்துகொண்டு வருவதால்தான் பசி நின்றுவிட்டது. பாசத்தில் வாயைத் திறந்து ஊற்றும் கஞ்சி நுரையீரலுக்குப் போய்விட்டால் மூச்சுத்திணறலில் தவிப்பார். சுத்தமான பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து உதட்டையும் நாக்கையும் ஈரமாக்குங்கள், உதட்டில் கொஞ்சம் வாஸலின். கேட்டால் மட்டும் ஒரு வாய். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், பதில் வராவிட்டாலும் காது கேட்கலாம்.

எனக்கு 68 வயது. வென்டிலேட்டரில் கிடக்க விருப்பமில்லை. எழுதி வைக்கலாமா?

தாராளமாக. 2018இல் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி செய்தது, ஆனால் மாஜிஸ்திரேட் முன்னால் போக வேண்டியிருந்ததால் யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. 2023இல் எளிதாக்கிவிட்டார்கள்: இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்து, நோட்டரி அல்லது கெஸட்டட் அதிகாரியின் சான்று, அவ்வளவுதான். உங்களால் பேச முடியாதபோது யார் முடிவெடுப்பது என்று பெயர் எழுதுங்கள். எழுதிப் பீரோவில் பூட்டிவிட்டுப் பிள்ளைகளிடம் சொல்லாமல் இருந்தால் ஐசியூ வாசலில் அவர்கள் சண்டைதான் போடுவார்கள்.

அம்மா போய் நாலு மாதம். அவர் சேலையை இன்னும் துவைக்கவில்லை, வாசனை போய்விடும் என்று. எனக்கு ஏதாவது கோளாறா?

இல்லம்மா. நாலு மாதம் ஒரு கணக்கே இல்லை. வருஷம் தாண்டியும் வேலை, தூக்கம், சாப்பாடு எதுவுமே ஓடவில்லை என்றால் மனநல டாக்டரைப் பாருங்கள், முன்பே தாங்கவில்லை என்றாலும் போகலாம். நாமும் போய்விடலாம் என்று எப்போது தோன்றினாலும் அந்த நிமிடமே அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். சேலை அப்படியே இருக்கட்டும்.