லிங்கன் 1848-ல தோக்கல, நிக்கவே இல்ல

ஒரு தடவை அமெரிக்காவுல எம்.பி.யா இருந்த ஆபிரகாம் லிங்கன் 1848-ல தோத்துட்டாருன்னு பொண்ணோட ப்ராஜெக்ட்ல எழுதலாமான்னு கேட்டிருந்தீங்க, எழுதாதீங்க, அந்த எலெக்‌ஷன்ல அவரு நிக்கவே இல்ல.

இல்லினாய்ஸ் மாநிலத்துல அவரோட தொகுதில, அவரு அப்ப இருந்த விக் கட்சிக்காரங்க ஆளுக்கு ஒரு தடவைன்னு முறை வச்சிருந்தாங்க, முதல்ல ஹார்டின், அப்புறம் பேக்கர், அதுக்கப்புறம்தான் இவரு. 1848-ல முறை வந்தது இவரோட பழைய வக்கீல் பார்ட்னர் லோகனுக்கு, தோத்ததும் அவருதான்.

குழப்பம் அப்ப அமெரிக்கா மெக்சிகோவோட போட்ட போர்னால வந்திருக்கும். 1847 டிசம்பர்ல, நம்ம மண்ணுல ரத்தம் சிந்துச்சுன்னு சொல்றீங்களே, அது எந்த இடம், காட்டுங்கன்னு ஜனாதிபதி போல்க்கையே கேட்டு தீர்மானம் கொண்டு வந்தாரு, புதுசா வந்த எம்.பி.க்கு எவ்வளவு தைரியம் பாருங்க! ஊர்ல அதுக்கு கெட்ட பேரு, 'ஸ்பாட்டி லிங்கன்'னு பட்டப்பேரு வேற ('ஸ்பாட்'னா இடம்). அதான் தோத்துட்டாருன்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க.

1848 ரிசல்ட்ல இல்லினாய்ஸ் ஏழாவது தொகுதிய எடுத்துப் பாருங்க, விக் வேட்பாளர் லோகன்னு இருக்கும்.

ஒண்ணு மட்டும் கவனிங்க, 1858-ல செனட்டுக்கு (அமெரிக்க மேல்சபை) ஸ்டீபன் டக்ளஸ்கிட்ட லிங்கன் தோத்தது உண்மை, ஆனா அப்ப செனட்டர மாநில சட்டசபைதான் தேர்ந்தெடுக்கும், அத இதோட சேர்த்துடாதீங்க.