வீட்டை அடமானம் வைத்து எம்.எஃப்.ஏ. படிக்கலாமா?

கேள்வி: என் மகள் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியத்தில் பி.எஃப்.ஏ. முடித்திருக்கிறாள். அமெரிக்காவில் இரண்டாண்டு எம்.எஃப்.ஏ. (கவின் கலை முதுநிலைப் பட்டம்) படிக்க இடம் கிடைத்துவிட்டது. வீட்டுப் பத்திரத்தின் பேரில் 40 லட்சம் தர வங்கி தயார். வேலைக்குப் போய் அடைத்துவிடுவாளா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: முழுச் செலவும் கடன்தான் என்றால் போக வேண்டாம் என்றே சொல்வோம்.

11 சதவீத வட்டி, ஆண்டுக்கு 20 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டு அவகாசமும் முடிவதற்குள் தனி வட்டியே 11 லட்சம் ஏறிவிடும். ஆக, தவணை தொடங்கும்போது பாக்கி 51 லட்சம். பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 70,250 ரூபாய் கட்ட வேண்டும். பதினைந்து ஆண்டாக நீட்டினால் 58,000. ஆனால் கட்டி முடிக்கும்போது கோடியைத் தாண்டியிருக்கும்.

ஊர் திரும்பி, கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வில் தேறி, நிரந்தர உதவிப் பேராசிரியர் ஆனாலும் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700தான். அந்த இடங்களும் எப்போதாவதுதான் வரும். அங்கேயே வேலை பார்க்கலாம் என்றால், படித்த துறையில் வேலை பார்க்க வெளிநாட்டு மாணவர்களுக்குத் தரும் ஓ.பி.டி. அனுமதி ஓவியப் பட்டத்துக்கு 12 மாதம் மட்டுமே. அறிவியல், தொழில்நுட்பம் படித்தவர்களுக்குத் தரும் 24 மாத நீட்டிப்பு இதற்குக் கிடையாது. அந்த ஓராண்டிலும் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. பெரிய பெயரும் கைகொடுப்பதில்லை: கொலம்பியா பல்கலைக்கழகத்தில் திரைப்பட எம்.எஃப்.ஏ.வை அரசுக் கடனில் முடித்தவர்களில் பாதிப் பேர், இரண்டாண்டு கழித்தும் ஆண்டுக்கு 30,000 டாலர்கூடச் சம்பாதிக்கவில்லை என்று 2021-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. கடன் வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு 1,81,000 டாலர் அல்லது அதற்கும் மேல் கடன் இருந்தது.

வேறு வழி உண்டு. அங்குள்ள பல மாநிலப் பல்கலைக்கழகங்கள், வாரம் 20 மணிநேரம் வரை இளநிலை வகுப்புகளில் கற்பிக்கும் எம்.எஃப்.ஏ. மாணவர்களுக்குக் கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் தருகின்றன. இடம் தரும் கடிதத்தில் இது இல்லாவிட்டால் துறைக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். விலக்கு முழுக் கட்டணத்துக்கா, வெளிமாநிலத்தவர் கூடுதலாகக் கட்டும் பகுதிக்கு மட்டுமா? இரண்டாம் ஆண்டும் உண்டா? மருத்துவக் காப்பீட்டை யார் கட்டுவது? கோடை மாதங்களில் தொகை வருமா? பலர் ஏமாறுவது கடைசி இரண்டில்தான். திருப்தியான பதில் வராவிட்டால் சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டுவிட்டு, வேறு பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பிக்கட்டும்.

கேள்வி: மகன் இங்கேயே எம்.எஃப்.ஏ. சேர்கிறான். கல்விக்கடனுக்கு வரிச்சலுகை உண்டா?
- வாசகர், மதுரை

பதில்: வருமான வரியில் (1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80இ பிரிவு) வட்டிக்கு மட்டும் உண்டு, அசலுக்கு இல்லை. கட்டத் தொடங்கிய ஆண்டிலிருந்து எட்டாண்டு வரை கழித்துக்கொள்ளலாம். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இது கிடைக்காது. கடன் உங்கள் பேரிலும் இருந்து, வட்டியை உங்கள் கணக்கிலிருந்து கட்டினால்தான் நீங்கள் கோரலாம். மாதாமாதம் வட்டியை மட்டுமாவது இப்போதே கட்டிவாருங்கள். அவகாசம் முடியும்போது அசல் ஏறாது.