மனை வாங்கும் முன் வில்லங்கச் சான்று எதற்கு?

ஒரு சொத்தின் மீது குறிப்பிட்ட காலத்தில் பதிவான விற்பனை, அடமானம், தானம், பாகப்பிரிவினை ஆகியவற்றின் பட்டியல்தான் வில்லங்கச் சான்று. பேச்சுவழக்கில் ஈசி. தமிழ்நாட்டில் சார்பதிவாளர் அலுவலகத்திலோ பதிவுத்துறை இணையதளத்திலோ பெறலாம்.

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் கிரயத்தைப் பதிந்தே ஆகவேண்டும். அந்தப் பதிவுகளிலிருந்துதான் இந்தப் பட்டியல் எடுக்கப்படுகிறது. ஏற்கெனவே விற்ற மனையை மறைத்து இன்னொருவருக்கு விற்க வந்தால், இதில் தெரிந்துவிடும்.

வங்கி பாஸ்புக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கு வழியாகப் போன பணம் மட்டுமே அதில் இருக்கும். கைமாற்றாக வாங்கிய கடன் இருக்காது. அதுபோலத்தான் இதுவும். உயிலைப் பதிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அதனால் பதியாத உயில் இதில் வராது. பதியாத வாடகை ஒப்பந்தமும் வராது. நடந்துகொண்டிருக்கும் வாரிசுரிமை வழக்கும் பெரும்பாலும் வராது. வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான் என்பது என் கருத்து.

10 ஆண்டுகளுக்கு மட்டும் எடுத்து நிறுத்திவிடாதீர்கள். குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் போடுங்கள், மூலப்பத்திரத்தையும் (விற்பவருக்குச் சொத்து வந்த வழியைக் காட்டும் பழைய பத்திரம்) வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

‘வில்லங்கம் இல்லை’ என்று வந்தால் சொத்து விற்பவருடையதுதான் என்று பலர் நம்புகிறார்கள். அந்தக் காலத்தில் எதுவும் பதிவாகவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது.