வானொலி மாணவிக்குப் பிரஸ் அட்டை வாங்கலாமா?

கேள்வி: என் மகள் தன் கல்லூரியின் சமுதாய வானொலியில் நிகழ்ச்சி தயாரிக்கிறாள். எங்கள் ஊர் ஏரி ஆக்கிரமிப்பைப் பற்றி அவள் எடுத்த பேட்டிகள் ஒலிபரப்பானதிலிருந்து ஒருவர் கைப்பேசியில் அழைத்து மிரட்டுகிறார். பணம் கொடுத்தால் பிரஸ் அட்டை வாங்கித் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். விலைக்குக் கிடைக்கும் இத்தகைய அட்டைகள் பெரும்பாலும் ஒழுங்காக வெளிவராத இதழ்களின் பெயரில் அச்சிடப்படுபவை. அந்த இதழில் ஒரு வரியும் எழுதாத உங்கள் மகள் அதைக் காவல் நிலையத்தில் நீட்டினால், புகார் கொடுக்கப் போனவரே போலி நிருபர் என்ற சந்தேகத்துக்கு ஆளாக நேரும். செய்தி மக்கள் தொடர்புத் துறை வழங்கும் அங்கீகார அட்டை வேறு. அதைத் தரகர் வாங்கித் தர முடியாது. அட்டை இருந்தால் தகவல் தந்தவரின் பெயரை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்றும் இவர்கள் ஆசை காட்டுவார்கள். 1978ஆம் ஆண்டின் பிரஸ் கவுன்சில் சட்டம் தரும் அந்தப் பாதுகாப்பு, பத்திரிகைகளைப் பற்றிக் கவுன்சிலே நடத்தும் விசாரணைக்கு மட்டும் உரியது. காவல் துறை விசாரணையில் அது கைகொடுக்காது.

உங்கள் மகளுக்கு உண்மையில் தேவைப்படுவது கல்லூரியின் கடிதம். 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வளாக வானொலி முதல் இன்றுவரை, அனுமதி நிறுவனத்தின் பெயரில்தான் வழங்கப்படுகிறது. ஆகவே ஒலிபரப்புக்குப் பொறுப்பும் நிறுவனத்துடையதே. நிலையம் பணித்தே அந்த நிகழ்ச்சியைச் செய்தாள் என்று முதல்வரின் கையொப்பத்துடன் எழுதி வாங்குங்கள். சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது என்னும் விதியைக் காட்டி, மாணவர்கள் செய்தியாளர்களே அல்லர் என்று சில கல்லூரிகள் கைகழுவும். மைக்கைக் கொடுத்து ஊருக்குள் அனுப்பும்போது தோன்றாத இந்த ஞானம், மிரட்டல் வந்தபின் தோன்றுவது பொறுக்க முடியாத அநியாயம்.

மிரட்டல், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவின்படி குற்றம். அழைப்பு வந்த எண், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்து எழுத்தில் புகார் கொடுத்து, குறைந்தது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதையாவது வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஒருவேளை எதிர்த்தரப்பும் புகார் கொடுத்து, காவல் துறை உங்கள் மகளைச் சாட்சியாக விசாரிக்க விரும்பினால், ஒன்றை உறுதியாக நினைவில் வையுங்கள். சாட்சியை வரச் சொல்வதற்கு எழுத்துமூல உத்தரவு வேண்டும். சாட்சி பெண்ணாக இருந்தால், அவர் வசிக்கும் இடத்துக்கு வெளியே வரும்படி கட்டாயப்படுத்தவே கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவு கூறுகிறது. மாணவியின் வயது பதினெட்டைக் கடந்திருந்தாலும் இது பொருந்தும்; தொலைபேசியில் 'ஸ்டேஷனுக்கு வாம்மா, ஐந்து நிமிட வேலைதான்' என்று எவ்வளவு கனிவாக அழைத்தாலும் பொருந்தும். விடுதியில் தங்கியிருந்தால், காப்பாளர் உடனிருக்க அங்கேயே விசாரிக்கும்படி எழுதிக் கேளுங்கள்.

ஒலிபரப்பானவற்றை நிலையம் மூன்று மாதம் மட்டுமே பாதுகாத்தால் போதும் என்பதே விதி. அந்தக் கெடு முடிவதற்குள் நிகழ்ச்சியின் நகலையும் வெட்டித் தொகுக்காத மூலப் பதிவையும் கேட்டு வாங்கி, வீட்டில் ஒரு பென் டிரைவில் வையுங்கள்.